விடுமுறையில் பள்ளி மைதானங்களைத் திறக்க வேண்டும்

ஏப்ரல் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால், ஜூன் முதல் வாரம் வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை. இந்த நாள்களில் பிள்ளைகளின் கையிலிருந்து கைபேசியை வாங்கி வைக்கும்படி ஆண்டுதோறும் பெற்றோருக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. மருத்துவர்கள் சொல்கிறார்கள், காவல் துறை சொல்கிறது, பத்திரிகைகளும் சொல்கின்றன. அறிவுரையில் பிழையில்லை. ஆனால், கைபேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. அந்தப் பதிலைத் தரும் கடமை அரசுக்கு உண்டு.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய் காலை எட்டரை மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால், இரவு எட்டு மணிக்குத்தான் எழுகிறார். நூறு நாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு மே மாதம் என்று தனி விடுப்பு கிடையாது. தாத்தா பாட்டி உடன் இல்லாத வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைதான் ஆறு வயதுப் பிள்ளைக்குக் காவல். வெளியே அக்னி நட்சத்திர வெயில். அதைவிடப் பெரிய பயம் தண்ணீர். கைவிடப்பட்ட கல்குவாரி, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, மண் அள்ளிப் பள்ளமாகிப்போன ஏரி, மணல் எடுத்த ஆற்றுக்குழி என்று, குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத கோடை இல்லை. அதைக் கேள்விப்பட்ட தாய், பிள்ளையை வீட்டுக்குள் இருக்கச் சொல்லி, பழைய கைபேசி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து பிள்ளையைக் காக்க அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான். பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புக்காகக் கைபேசி வாங்கித் தரும்படி பள்ளிகளே கேட்டுக்கொண்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பெரிய மனுஷியான பிறகு தெருவில் ஓடியாட அனுமதிக்கும் வீடுகள் குறைவு. அண்ணன் தம்பிக்காவது மாலையில் தெருமுனைக் கிரிக்கெட் இருக்கிறது. அவளுக்குத் தோழிகளோடு பேசவும் சிரிக்கவும் மிஞ்சியிருப்பது அந்தக் கைபேசிதான்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களில் அணி சேர்ந்து விளையாடும்போது முகம் தெரியாதவர்கள் நண்பர்களாகிறார்கள். ஆட்டத்துக்குள் செலவழிக்கும் டைமண்டுகளை வாங்கித் தருவதாக ஒருவன் சொல்கிறான். பேச்சு ஆட்டத்திலிருந்து வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நகர்கிறது. முதலில் சாதாரணப் படம் கேட்கிறான், பிறகு வேறு மாதிரிப் படம். அது கைக்குப் போனதும் மிரட்டல் தொடங்குகிறது. இப்போது படம்கூட அனுப்ப வேண்டியதில்லை. முகப்புப் படத்தை எடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியால் ஆபாசமாக மாற்றிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், அப்பாவின் கைபேசியில் இருக்கும் யுபிஐ வழியாகச் சேமிப்புப் பணம் ஆட்டத்துக்குள் போய்விடுகிறது.

இந்த மிரட்டல்கள் எல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையில்தான் நடக்கின்றன: பிள்ளை வீட்டில் சொல்லாது. ஏன் சொல்லாது? சொன்னால் அடி விழும், கைபேசி போய்விடும், படிப்பைக்கூட நிறுத்திவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். ஆகவே, விடுமுறை தொடங்கும்போது பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது. “யார் என்ன கேட்டாலும், நீ என்ன அனுப்பியிருந்தாலும் எங்களிடம் வந்து சொல். திட்ட மாட்டோம், ஃபோனைப் பிடுங்க மாட்டோம்” என்ற வாக்கு. எந்தச் செயலியும் தராத பாதுகாப்பு இது. கொடுத்த வாக்கை உண்மையிலேயே காப்பாற்றவும் வேண்டும்.

மற்றவை எளியவை. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வைக்கலாம். இரவில் எல்லாக் கைபேசிகளும் பெரியவர்கள் படுக்கும் அறையில் சார்ஜ் ஏறட்டும். மிரட்டல் வந்துவிட்டால் உரையாடலை அழித்துவிடாமல் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பிள்ளைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் போக்சோ சட்டப்படியும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியும் குற்றம். தண்டனைக்குரியவன் மிரட்டியவன்தான் என்பதைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவைப் போலத் தடை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. பெற்றோரையோ பிள்ளையையோ தண்டிக்காமல் நிறுவனங்களின் மீது அபராதம் விதிக்கும் அந்தச் சட்டத்தின் நியாயம் நமக்கும் ஏற்புடையதே. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்க வகைசெய்கிறது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால், நம் வீடுகளில் பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் அம்மாவின் கைபேசி, அம்மாவின் கணக்கு. வயதுத் தடை அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது. பிள்ளைக்குப் போக ஓர் இடமும் உடன் இருக்க ஒரு பெரியவரும் வேண்டும்.

இடம் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 37 ஆயிரம் அரசுப் பள்ளிகள் உள்ளன. மைதானம், மரநிழல், குடிநீர், கழிப்பறை என்று பொதுப்பணத்தில் கட்டிய எல்லாமும், பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படும் வாரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் பாராட்டுக்குரியவை. ஆனால், மாவட்டத் தலைநகர அரங்குக்குப் பேருந்து ஏறி வர முடிந்தவர்களுக்குத்தான் அவை. ஊர்ப் பள்ளியின் கதவு காலை ஆறரை முதல் ஒன்பது வரையிலும், மாலை நாலரை முதல் ஆறரை வரையிலும் திறந்திருந்தால், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எட்டிவிடலாம். 2024இல் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கியது. அவை அலமாரியில் அல்ல, இந்த மைதானங்களில் இருக்க வேண்டும். காலை நேரத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கி, பெண் பயிற்சியாளரைப் போட்டால் அனுப்பத் தயங்கும் வீடுகளும் அனுப்பும்.

வெயில் ஏறிய பிறகு ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக நாம் செலுத்திவருகிறோம். மே மாதத்தில் மட்டுமாவது பகல் முழுவதும் நூலகத்தைத் திறந்துவைத்து, மின்விசிறியும் தண்ணீரும் கதைப் புத்தகமும் சதுரங்கப் பலகையும் வைக்க அந்த வரியிலிருந்து செலவழிக்கலாம்.

ஆள் யார் என்பதுதான் தலைமையாசிரியர்கள் எழுப்பும் கேள்வி. பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அதைத் தனியொருவர் தலையில் சுமத்தக் கூடாது. உடற்கல்வி, ஓவியம், கைத்தொழில் கற்பிக்க 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. மே மாத ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடியவர்கள் அவர்கள். விருப்பம் உள்ளவர்களுக்கு மே மாதத்தில் முழு ஊதியத்தோடு இந்தப் பணியைக் கொடுக்கலாம். பெருந்தொற்றுக்குப் பிறகு ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை நேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், துணைக்கு வருவார்கள். பொறுப்பும் காப்பீடும் யாருக்கு என்பதை அரசாணையே தெளிவாக வரையறுக்க வேண்டும்.

சோற்றையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் இலவசப் பள்ளி உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் விளையாட்டும் உணவும் சேர்த்துத் தரும் திட்டம் 2021 முதல் நாடு முழுக்க நடக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004இல் உத்தரவிட்டது. சத்துணவுக்கும் காலை உணவுக்கும் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு ஒரு தட்டுப் பொங்கலோ உப்புமாவோ கொடுப்பது நமக்குப் பெரிய காரியமில்லை.

பள்ளிக் கல்வித் துறை, ஊரக வளர்ச்சித் துறை, விளையாட்டுத் துறை மூன்றும் சேர்ந்து, ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே இதற்கான ஆணையை வெளியிட வேண்டும். அதுவரை பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், சரிபாதியினர் பெண்கள். அடுத்த கூட்டத்திலேயே எழுந்து பேசுங்கள். விடுமுறையில் மைதானத்தைத் திறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.