முதற்சீட்டுக்கு முன்

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுளிப்பது தமிழாசிரியர்க்கு இயல்பு. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடிகின்றது. பாரதக் கதையில் பாண்டவர் நாடிழந்ததும் சூதினாலேயே. நம் மலைநாட்டுத் தோட்டங்களிலும், சம்பள நாளன்று லயத்துக் கோடியில் விரித்த சீட்டினால் அடுப்பெரியாது கிடந்த வீடுகள் உண்டு. ஆதலால், கீழ்த்திசைக் கல்லூரியிற் கற்று இலக்கணம் நடத்தும் நான், பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தை நம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்று எழுதுவது நண்பர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். காரணத்தைக் கூறுகிறேன், கேட்டபின் தீர்ப்பளிக்க.

இவ்வாட்டம் மலைநாட்டுக்குப் புதியதன்று. நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப் எழுந்தது. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் தரவளைக் கிளப் துரைமார் கூடுமிடமாயிற்று. இத்தகைய கிளப்புகளின் மாலைப்பொழுது சீட்டு மேசைகளிற் கழிந்தது. 1925இல் அமெரிக்கச் செல்வர் ஹரல்ட் வாண்டர்பில்ட் புதிய புள்ளி முறையொன்றை வகுக்க, இன்று உலகெங்கும் ஆடப்படும் கன்ட்ராக்ட் பிரிட்ஜ் உருப்பெற்றது. நம்மவரில் அந்த அறைக்குட் சென்றவர், தேநீர்த் தட்டை ஏந்திச் சென்றவரே. கொழுந்து பறித்த கைக்கு அங்கே சீட்டெடுக்கும் உரிமை இருக்கவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. நால்வர், இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுவர். 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 ஆகப் பங்கிடப்படும். நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்க, உயர்ந்தது வெல்வது ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலங்கூறி வென்றவன் ஆட்டத்தை நடத்துவான். அவனது இடப்பக்கத்து எதிரி முதற்சீட்டை இறக்கியதும், துணைவன் தன் சீட்டுகள் முழுவதையும் மேசைமேல் விரித்துவிட்டு ஓய்ந்திருப்பான். அதன்பின் இரு கைகளையும் ஏலமெடுத்தவனே ஆட வேண்டும். முந்நூற்று நாலு ஆடி, துரும்பும் பிடியும் அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். துரும்பின்றி 9 பிடி எடுப்பதாக ஏலம். எதிரி இஸ்பேட் இறக்குகிறான். விரித்த கையில் இஸ்பேட் ஏஸும் நாலும். டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, இரண்டு. மற்றை இரண்டு இனத்திலும் சிறு சீட்டுகளே. ஏலமெடுத்தவன் கையில் இஸ்பேட் ராஜாவும் இரண்டு சிறு சீட்டும், ஆட்டினில் ஏஸும் ராஜாவும், கிளாவர் ஏஸ், டைமனில் ஐந்தும் மூன்றும், எஞ்சியவை சிறியன. உறுதியான பிடிகளை எண்ணுக: இஸ்பேட்டில் 2, ஆட்டினில் 2, கிளாவரில் 1, ஆக 5. குறையும் 4 பிடியும் டைமனிலிருந்தே வர வேண்டும். அதற்கு எதிரியிடமுள்ள டைமன் ஏஸை முதலில் வெளிவரச் செய்ய வேண்டும்.

இங்கேதான் கை பதறும். மேசைமேல் ஏஸ் கிடக்கிறது. அதைப் போட்டு முதற்பிடியை எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் ஆட்டம் அப்பொழுதே போயிற்று. தேர்ந்த எதிரி முதல் டைமனை விட்டுக்கொடுத்து, இரண்டாவதைத் தன் ஏஸால் எடுப்பான். ஏலமெடுத்தவனிடம் டைமன் தீர்ந்திருக்கும். விரித்த கைக்குட் புக வேறு வழி இராது. எஞ்சிய மூன்று டைமனும் மேசைமேலேயே பயனின்றிக் கிடக்கும். மேசையிலிருந்து நாலைப் போட்டு, தன் கை ராஜாவால் முதற்பிடியை எடுப்பவனுக்கோ, இஸ்பேட் ஏஸ் வாயிலாக எஞ்சி நிற்கும். எதிரிகளிடையே டைமன்கள் ஒருபக்கமாகவே குவிந்திராவிடின், அவ்வாயில் வழியே சென்று 9 பிடியையும் நிறைப்பான். சீட்டு ஒன்றே, முதற்சீட்டை இறக்குமுன் எண்ணினானா என்பதே வெற்றி தோல்வியை வகுத்தது.

இனி, பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களை நினைவுகூர்க. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அவை அடுத்தடுத்து நிற்கின்றன. உறுதியான பிடிகளை எண்ணுவது வலியறிதல். ஏஸை இப்பொழுது ஆடுவதா, பின்பு ஆடுவதா என்று தேர்வது காலமறிதல். எந்தக் கையில் வென்று எந்தக் கைக்குட் புகுவது என்று காண்பது இடனறிதல். மூன்றையும் கூட்டி முடிவு செய்தபின் சீட்டைத் தொடுவது தெரிந்துசெயல்வகை. வள்ளுவர் பிரிட்ஜ் ஆடினார் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா! வினைக்கு முன் எண்ண வேண்டிய முறை எங்கும் ஒன்றே என்பதுதான் என் கருத்து.

நாமோ இந்த நான்கு அதிகாரங்களையும் மனனஞ் செய்விக்கிறோம். பொழிப்பெழுதச் சொல்லிப் புள்ளி வழங்குகிறோம். பரீட்சை மண்டபத்தில் அதே மாணவன் வினாத்தாளைப் புரட்டிப் பாராமலே முதல் வினாவுக்கு விடை எழுதத் தொடங்குகிறான். தெரிந்து செய்தலை அவன் படித்திருக்கிறான், பழகவில்லை. பழக்குவதற்கு ஒரு களம் வேண்டும். கிழமைக்கு ஒரு மணி நேரம் போதும். நான்கு பிள்ளைகளும் ஒரு சீட்டுக்கட்டும் போதும்.

பணம் புகுந்துவிடுமே என்பார்க்கு ஒரு விடை உண்டு. போட்டிப் பிரிட்ஜில் ஒரே பங்கீடு மேசைதோறும் கொண்டுசெல்லப்படும். அதே சீட்டுகளை வைத்து மற்றவர் எடுத்ததைவிட நீ எத்தனை எடுத்தாய் என்பதே கணக்கு. நற்சீட்டு வாய்த்ததனால் மட்டும் அங்கே எவரும் வெல்வதில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இவ்வாட்டமும் இடம்பெற்றது. இந்தியாவின் பிரணாப் பர்தன், 60 வயதில், சிப்நாத் சர்க்காருடன் இணைந்து தங்கம் வென்றார். பந்தயப் பணத்தை விலக்கிவிட்டால் சூதும் விலகும். எண்ணும் பழக்கம் எஞ்சும்.

எனினும் ஓர் எச்சரிக்கையைக் கூறாது விடலாகாது. ‘வந்த சீட்டைக் கொண்டு ஆடு’ என்னும் அறிவுரையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வழங்குவது மிக எளிது. தலைவிதி என்று சொல்லி அடங்கச் செய்வோர்க்கு அஃது உதவியாகவும் அமைந்துவிடும். ஆட்டத்தின் விதி அவ்வாறு சொல்லவில்லை. ஒருவன் கையில் 14 சீட்டும் மற்றொருவன் கையில் 12 சீட்டும் விழுந்தது ஆட்டம் தொடங்குமுன் தெரியவந்தால், அந்தப் பங்கீடு செல்லாது. மீண்டும் பங்கிட வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சி நின்றோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அத்தகைய பங்கீட்டைத் திறமையாக ஆடிக் காட்டு என்று சொல்வது அறமாகாது. பங்கீடே பிழை என்று எடுத்துரைக்க வேண்டும். கையிலுள்ளதை எண்ணத் தெரிந்தவனுக்கே குறைவு எத்தனை என்பது தெரியும். எண்ணிப் பழகிய பிள்ளை ஆட்டத்தையும் நன்கு ஆடும். தன் பங்கு குறைந்தவிடத்து எழுந்து கேட்கவும் செய்யும்.

ஆகவே மலைநாட்டு ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் இது. துரைமார் மேசையில் இருந்ததென்பதற்காக ஓர் அறிவுப் பயிற்சியை ஒதுக்கிவிட வேண்டா. மாணவர் மன்றங்களிற் சதுரங்கத்துக்கு இடமளித்ததுபோல் இதற்கும் இடமளித்துப் பாருங்கள். அந்நான்கு அதிகாரங்களையும் நடத்தும் கிழமையிலேயே தொடங்கலாம். முதற்சீட்டு இறங்கியதும் ஒரு நிமிடம் எவரும் கை நீட்டாது எண்ண வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பான விதியாக வையுங்கள்.