ஷோனெஃபெல்ட் முதல் பலாலி வரை: வீதி போட்டால் போதுமா?

கோடை விடுமுறைக்குத் தாயகம் சென்று திரும்பும் குடும்பங்கள் அண்மைக் காலமாக முதலில் பேசுவது வீதிகளைப் பற்றியே. குண்டும் குழியுமாகக் கிடந்த கண்டி வீதி இன்று காப்பெற் வீதியாகி விட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியாவுக்கு வாகனம் அலுங்காமல் போய்ச் சேருகின்றது. "வீதியெல்லாம் போட்டாயிற்றே, இனி அங்கே என்ன குறை?" என்று யேர்மனியில் பிறந்த பிள்ளை கேட்கும்போது பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். அக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதற்கான விடையைத் தேட பேர்லினின் தென்கிழக்கு எல்லையில் உள்ள ஷோனெஃபெல்ட் பொருத்தமான இடம்.

மூத்த தலைமுறைக்கு அந்தப் பெயர் புதிதன்று. 1980களின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் வந்திறங்கியது அன்றைய கிழக்கு யேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலேயே. அங்கிருந்து பிரீட்ரிக்ஸ்ட்ராஸ தொடருந்து நிலையம். அதைத் தாண்டினால் மேற்கு பேர்லின். மேற்குத் தரப்பு அக்கோட்டை நாட்டெல்லையாக ஏற்காததால் அப்பக்கத்தில் முறையான கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985 யூலையில், மேற்கு யேர்மனியின் விசா இல்லாத இலங்கையரைக் கிழக்கு யேர்மனி இடைவழிப் பயணிகளாக ஏற்பதை நிறுத்தியபோது அந்த வழி அடைபட்டது.

அவ்வாறு வந்தவர்கள் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த காலத்தில் இரு யேர்மனிகளும் இணைந்தன. 1991இல் அறிமுகமான ஒருமைப்பாட்டு மேலதிக வரி அவர்களுடைய சம்பளச் சீட்டுகளிலும் கழிக்கப்பட்டது. அது பொது வரவு செலவில் சேரும் வரிதான். இன்ன வீதிக்கு என்று ஒதுக்கப்பட்டதன்று. ஆயினும் சிதைந்து கிடந்த கிழக்கின் வீதிகளும் தொடருந்துப் பாதைகளும் புதுப்பிக்கப்பட்டதில் அகதியாக வந்தவரின் வியர்வையும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

ஷோனெஃபெல்ட்டில் பெரிய விமான நிலையம் அமைக்கத் திட்டமிட்டபோது டீப்பன்சே என்ற சிற்றூர் அதற்காக அகற்றப்பட வேண்டியிருந்தது. முந்நூறுக்குச் சற்று அதிகமான மக்களே அங்கு வாழ்ந்தனர். பேச்சுவார்த்தை நடந்தது, எங்கே குடியமர்வது என்பதில் ஊராரின் கருத்துக் கேட்கப்பட்டது. கோனிக்ஸ் வூஸ்டர்ஹவுசன் பகுதியில் அதே பெயருடன் புதிய ஊர் எழுந்தது. சூழவுள்ள ஊர்களின் மக்கள் விமான இரைச்சலுக்கு எதிராக லைப்சிக் நகரில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை சென்றனர். 2006இல் அந்நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தது. இரவு நேரப் பறப்புகளுக்குக் கட்டுப்பாட்டையும் வற்புறுத்தியது. இதனால் யேர்மனியர் எல்லாவற்றையும் செம்மையாகச் செய்வர் என்று எண்ணிவிட வேண்டாம். 2011இல் திறக்கவிருந்த அதே விமான நிலையம், தீத்தடுப்பு அமைப்பின் குறைபாடு உள்ளிட்ட காரணங்களால் 2020 ஒக்ரோபர் 31 அன்றுதான் திறக்கப்பட்டது! காலமும் பணமும் வீணாயின. ஆனால் டீப்பன்சே மக்களின் வீடுகளுக்கு முள்வேலி போட்டுவிட்டு எவரும் விமான நிலையம் கட்டவில்லை.

பலாலியின் கதை அதுவன்று. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். விமான நிலையத்தைச் சூழ்ந்த அவர்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்த பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன, முழுமையாக அன்று. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. யேர்மனியில் இருந்து சென்னை வழியாக அங்கே போய் இறங்கவும் வழி பிறந்தது. ஆனால் வசாவிளானுக்கு அப்பால் மூடப்பட்டிருந்த பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவும் அப்போது பகல் வேளையில் மட்டும், இடையில் நிறுத்தக்கூடாது, நடந்து செல்லக்கூடாது என்ற நிபந்தனைகளுடன். தன் ஊரின் வீதியில் கால் பதிக்க முடியாமல் பேருந்தின் சாளரத்தினூடாக வளவைப் பார்த்துச் செல்லும் முதியவருக்கு அந்த வீதி எவ்வளவு வழவழப்பாக இருந்தால் என்ன?

வீதி அபிவிருத்தியே வேண்டாம் என்பதன்று இங்கு வாதம். ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது குடாநாடு பட்ட அவலத்தை அறிந்த எவரும் அப்படிக் கூறமாட்டார். போருக்குப் பின்னர் சீனக் கடனும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனும் வடக்கின் பெருவீதிகளைச் செப்பனிட்டன. நோயாளரும் விளைபொருளும் விரைந்து செல்கின்றனர் என்பது உண்மை. ஆனால் ஏ, பி தரப் பெருவீதிகள் கொழும்பில் உள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் உள்ளன. அவற்றுக்கு அடுத்த நிலை வீதிகள் மாகாணத்துக்கும் ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைகளுக்கும் உரியன. மாரியில் உழவு இயந்திரம் புதைவதும் பள்ளிப் பிள்ளை துவிச்சக்கர வண்டியைத் தோளில் தூக்குவதும் இந்தக் கீழ்நிலை வீதிகளிலேயே. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2025 முடியும் வரை மறுதேர்தல் நடைபெறவில்லை. எந்த வீதி முதலில் என்று தீர்மானிக்க மக்கள் தெரிவு செய்த மாகாண அவை இல்லாத நிலையில் அதை அதிகாரிகளும் கடன் கொடுப்போருமே தீர்மானித்தனர்.

தெற்கில் நடந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கொழும்பு–மாத்தறை அதிவேக வீதிக்காகக் காணி இழந்த சிங்களக் கிராம மக்கள் 2004இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் முறைப்பாட்டுப் பொறிமுறையை நாடினர். வங்கி தன் சொந்த விதிகளையே முறையாகப் பின்பற்றவில்லை என்று 2005இல் அதன் மீளாய்வுக் குழு கண்டது. வீதி நிற்கவில்லை, 2011இல் காலி வரை திறக்கப்பட்டது. ஆயினும் பாதிக்கப்பட்டோரின் குரல் ஏட்டில் ஏறியது. அதே பொறிமுறை, அவ்வங்கியின் கடனில் நடக்கும் வேலைகளால் பாதிக்கப்படும் வடக்கு மக்களுக்கும் உரியது. அங்கே எத்தனை பேருக்கு அது தெரியும்?

புலம்பெயர் ஊர் ஒன்றியங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் போடவும் மதகு கட்டவும் பணம் அனுப்புகின்றன, அது தொடரட்டும். அத்துடன், யேர்மனியும் அவ்வங்கியின் உறுப்பு நாடு என்பதை இளையோர் கவனிக்க வேண்டும். வடக்கில் வீதிக்கும் விமான நிலையத்துக்கும் பணம் செல்லும்போது காணிச் சொந்தக்காரரிடம் கேட்கப்பட்டதா, எந்த மொழியில் கேட்கப்பட்டது, வீதி திறந்த பின் அவர்கள் அதில் நடக்கலாமா என்று தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு நல்ல யேர்மன் மொழியில் எழுத அவர்களால் முடியும். பிரீட்ரிக்ஸ்ட்ராஸவில் வந்திறங்கிய பெற்றோரிடம் அன்று அந்த மொழி இருக்கவில்லை. கடிதத்தில் டீப்பன்சேயின் பெயரையும் குறிப்பிட்டால், கேட்கப்படுவது என்ன என்பது அந்த உறுப்பினருக்கு விளக்கமின்றியே புரியும்.