வர்ற வேகத்தைச் சொல்றீங்க, போற வேகம் எங்கே?

டாக்டருக்கும் இன்டர்நெட் பிளானுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. பொறுமையா படிங்க.

போன மாசம் டெலிமெடிசின் டியூட்டி. சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மாவுக்குக் கால்ல புண். மகன் வீடியோ கால்ல காட்டுறார். எனக்குத் தெரிஞ்சது கலங்கலான கட்டம் கட்டமான படம்தான். புண் கருத்திருக்கா, சீழ் வச்சிருக்கா, ஒண்ணும் புரியல.

"எங்களுக்கு நீங்க பளிச்சுன்னு தெரியுறீங்க சார். 100 எம்பிபிஎஸ் பிளான்"னு சொல்றார். (நான் படிச்ச எம்.பி.பி.எஸ். வேற!)

அவர் பொய் சொல்லல. அந்த 100, அவர் வீட்டுக்குள்ள வர்ற டவுன்லோட் வேகம். அம்மாவோட கால் என் திரைக்கு வரணும்னா அது அப்லோட்ல போகணும். கால் முடிஞ்சதும் ரவுட்டர் பக்கத்துல நின்னு சோதிக்கச் சொன்னேன். அப்லோட் 1-ஐத் தொடவே திணறுச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டேன்.

ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சை இழுக்கிறதை விட வெளிய விடுறதுதான் பெரும்பாடு. அதனாலதான் "ஊதுங்க"ன்னு சொல்லி அளக்கிறோம். இழுக்கிறதை மட்டும் பார்த்துட்டு "நல்லா இருக்கீங்க"ன்னு அனுப்பினா நான் டாக்டரா? பல நெட் கம்பெனி விளம்பரம் அதைத்தான் செய்யுது.

"சாதாரண மக்கள் படம்தானே பார்க்கிறாங்க, அப்லோட் எதுக்கு?"ன்னு ஒரு வாதம் வரும். பிள்ளைங்களோட ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து வேலை, சிசிடிவி, போட்டோ பேக்கப் எல்லாமே அப்லோட்தான். 200 எம்பி சிடி ஸ்கேன் ஃபைலை 100 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்ப 16 விநாடி. 5 எம்பிபிஎஸ்ல 5 நிமிஷத்துக்கு மேல. 1-ல கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

தொழில்நுட்பம் இடம் கொடுக்கலையா? பழைய டெலிபோன் கம்பியில வந்த ஏடிஎஸ்எல்-லோட முதல் எழுத்துக்கே "சமமில்லாத"ன்னுதான் அர்த்தம். அந்தக் கம்பியில இடம் கம்மி, டவுன்லோடுக்கு அதிகம் ஒதுக்கினாங்க. சரி. ஆனா இன்னைக்குப் பரவலா இருக்கிற ஜிபான் ஃபைபர்ல ஒரு லைனை பல வீடுகள் பகிர்ந்துக்கிட்டாலும், டவுன்லோட் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோட் சுமார் 1.25. பாதி! 100-க்கு 1 இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே வேகம் தர்ற ஃபைபர் பிளான்களும் நம்ம நாட்டுலயே இருக்கு. காத்து வழியா வர்ற 5ஜி வீட்டு நெட்ல ஒரே அலைவரிசையை நேரம் பிரிச்சுத்தான் பயன்படுத்தணும், பெரும்பங்கு டவுன்லோடுக்குப் போகும். உண்மையான வரம்புதான். அப்ப அதை விளம்பரத்துல சொல்லிட்டு வில்லுங்க!

அரசும் இதுல பதில் சொல்லணும். 2023 ஜனவரியில பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ல இருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. அது டவுன்லோடுக்கு மட்டும். அமெரிக்காவோட எஃப்சிசி 2024-ல வச்ச அளவு டவுன்லோட் 100, அப்லோட் 20. அங்க வரையறையிலேயே ரெண்டு எண் இருக்கு. இங்க ஏன் ஒண்ணு?

நான் அரசு டாக்டர். வீட்டிலிருந்தே டாக்டரைப் பாருங்கன்னு நாங்கதான் மக்கள்கிட்ட சொல்றோம். டாக்டரால நோயாளியைப் பார்க்க முடியணும் இல்லையா?

நீங்க செய்ய வேண்டியது:

1. கனெக்‌ஷன் எடுக்கும்போது "அப்லோட் எவ்வளவு?"ன்னு கேளுங்க. எழுத்துல வாங்குங்க.

2. ரவுட்டர்ல இருந்து லேன் கேபிள் போட்டு, பகல்லயும் ராத்திரி 9 மணிக்கும் சோதிங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

3. சொன்ன வேகம் வரலைன்னா கம்பெனியில புகார் பதிஞ்சு நம்பர் வாங்குங்க. தீரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். டிராய் விதியிலேயே அதுக்கு இடம் இருக்கு.

மாசாமாசம் முழுப் பணம் கட்டுறோம். ரெண்டு எண்ணையும் சொல்லச் சொல்றது சலுகை கேட்கிறது இல்ல, அது நம்ம உரிமை.