ஆட்டம் பழகலாமா?

வாஷி சந்தையிலிருந்து தாராவிக்கு விடியற்காலையில் காய்கறி ஏற்றிவரும் பிக்கப் டிரைவர்களில் நம்மவர்கள் பலர். "ஸ்டீரிங் கொஞ்சம் ஆடுது சார், பழகிப்போச்சு" என்றார் ஒருவர். பழகிக்கொள்ளக்கூடிய விஷயமா இது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, என்ஜின் ஓடும்போது ஸ்டீரிங்கை இலேசாக இருபுறமும் திருப்புங்கள். முன்சக்கரம் அசைவதற்குள் ஸ்டீரிங் ஓர் அங்குலத்துக்கு மேல் சும்மா சுற்றினால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. ஒருவர் ஸ்டீரிங்கை ஆட்ட, இன்னொருவர் குனிந்து பார்த்தால் எந்த டை ராடு மூட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டீரிங் இறுக்கமாக இருந்தால் முதலில் டயர் காற்றையும் பவர் ஸ்டீரிங் எண்ணெயையும் பாருங்கள். செலவில்லாத சோதனைகள் இவை.

சில பட்டறைகளில், தேய்ந்த மூட்டை மாற்றாமல் ஸ்டீரிங் பெட்டியின் திருகை முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டம் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டீரிங் பிடிக்கும். வளைவு திரும்பிய பின் தானாக நேருக்கு வராது. தளர்ச்சியும் போகவில்லை, இறுக்கமும் சேர்ந்துகொண்டது!

பட்டறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரை நாள் வாடகை போய்விடுமே என்று அவசரப்படுத்துபவர் முதலாளி. விபத்து நேர்ந்தால் கோர்ட்டுக்கு அலைபவரோ டிரைவர்.

எங்கள் ரயில்வேயில் பழுதுபட்ட வேகனை 'சிக்' என்று குறித்து ஒதுக்கிவிடுவார்கள். 'ஃபிட்' என்று சொன்ன பிறகே அது ஓடும். ஸ்டீரிங் கோளாறு முதலில் தெரிவது டிரைவரின் கைக்குத்தான். அவர் "சரியில்லை" என்றால் வண்டி நிற்க வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்கவும் கூடாது.