விருந்தாளி வாத்தியார்!

கடல் கடந்து வருகிறார்கள். கனிவு ததும்ப வருகிறார்கள். கையிலே காமிராவோடு வருகிறார்கள்! இலண்டனிலிருந்தும் பெர்லினிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இளைஞர்கள் பறந்து வந்து, நம் ஏழைக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் பாடம் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். இதற்குத் தொண்டு என்று பெயர். இந்தத் தொண்டுக்கு இடம் பிடித்துத் தர முகவர் நிறுவனங்கள் உண்டு. அவற்றுக்குக் கட்டணமும் உண்டு!

அத்தகைய தொண்டர் ஒருவரின் ஒரு நாளைத் திருச்சியிலே வைத்து எண்ணிப் பாருங்கள். காலையிலே மலைக்கோட்டை ஏறி இறங்குகிறார். பத்து மணிக்குப் பள்ளி. ‘வணக்கம்’ என்ற ஒரு சொல் தவிரத் தமிழ் அறியார். ஆங்கிலப் பாட்டொன்று பாடுகிறார், குழந்தைகள் கைதட்டுகின்றன. பந்து ஆடுகிறார், படம் எடுக்கிறார். மாலையிலே திருவரங்கம், 236 அடி இராசகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். இரவிலே படங்கள் அவரது ஊருக்குப் பறக்கின்றன. மூன்றாம் வாரம் அவரும் பறக்கிறார். அடுத்த மாதம் வேறொருவர் வருகிறார். அதே பாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது!

அவர் நெஞ்சிலே வஞ்சகம் இல்லை. அன்பை நாம் பழிக்கவுமில்லை. ஆனால் கேட்கிறோம்: குழந்தை கற்றது என்ன? லகரத்துக்கும் ளகரத்துக்கும் தடுமாறும் குழந்தைக்கு, கழித்தல் கணக்கிலே கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கும் குழந்தைக்கு, நேற்று அது எங்கே இடறியது என்று அறிந்தவரன்றோ ஆசிரியர்? இன்று வந்து நாளை மறைபவர் விருந்தாளி, ஆசிரியர் அல்லர்!

விந்தையைக் கேளுங்கள். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியிலே பணிபுரிய விரும்பும் நம் வீட்டுப் பெண், ஈராண்டுப் பயிற்சி முடிக்கவேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வும் வெல்லவேண்டும். வெளிநாட்டு விருந்தாளிக்கோ விமானச் சீட்டுப் போதும்! ஊதியமில்லாத குறுகிய காலத் தொண்டை, ஒரு மாத வரம்புக்குள், சுற்றுலா விசாவிலேயே செய்யலாம் என்கிறது இந்திய அரசு. சுற்றுலா! சரியான பெயரைத்தான் சூட்டியிருக்கிறது அரசு. செர்மன் மொழி அறியாத திருச்சி மாணவன் ஒருவன், பெர்லின் பள்ளி வகுப்பிலே மூன்று வாரம் பாடம் நடத்த விரும்பினால் கதவு திறக்குமா?

“வெளிநாட்டார் வந்து கற்பித்ததில்லையா?” என்பர் சிலர். கற்பித்தார்கள், எப்படிக் கற்பித்தார்கள் என்பதையும் படியுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து அகரம் எழுதிப் பழகினார். ஆசிரியராகுமுன் மாணவரானார்! 1750இல் வந்த சுவார்ட்சு, கப்பலேறுமுன்பே தமிழ் பயின்றவர். 1762இல் திருச்சிக்கு வந்தார், பள்ளி நடத்தினார், 1798இல் தஞ்சையிலே மறைந்தார். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் ஒரு முறையேனும் தாயகம் திரும்பினாரில்லை. அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். அதை நாம் போற்றவில்லை. மொழி கற்றார்கள், தங்கினார்கள் என்ற இரண்டையும் மறுப்பதற்கில்லை. 48 ஆண்டு எங்கே? மூன்று வாரம் எங்கே?

விருந்தாளிக்காகக் குழந்தையையே காட்சிப்பொருளாக்கும் கொடுமையும் உலகிலே உண்டு. கம்போடியாவில் அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பது தெரிந்தது. பார்க்க வருவோர் பெருகப் பெருக, ‘அநாதை’களும் பெருகினர்!

குற்றம் வந்தவர் மீது மட்டுமா? வாயிற்கதவைத் திறந்தவர் யார்? வெள்ளைத் தோல் கண்டால் வாய் பிளக்கும் நம் அடிமைப் புத்தி. ஆங்கில ஒலி கேட்டாலே அறிவு வந்துவிட்டது என்று மயங்கும் நம் மோகம்! ஆண்டறிக்கையிலே அச்சிட ஒரு வெள்ளை முகம் கிடைத்தால், வகுப்பறையையே காலி செய்து கொடுக்கும் நிர்வாகிகள் இல்லையா? இழந்த பாட வேளையை அந்தக் குழந்தைக்கு யார் திருப்பித் தருவார்?

உண்மைத் தொண்டு எப்படியிருக்கும் என்பதை நம் தெருக்களே காட்டின. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் இழந்த கல்வியை மீட்க, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அடுத்த வீட்டு அக்காள், எதிர்வீட்டு அண்ணி ஆகியோரே தன்னார்வலர். மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் மரத்தடியிலும் கற்பித்தார்கள். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்கே போய் ஏனென்று கேட்க அவர்களால் முடிந்தது. அவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்; நாளொன்றுக்கு 33 ரூபாய்! அவர்களுக்கு மாலையிட்டோமா? படமெடுத்து மாட்டினோமா?

எனவே சொல்கிறோம்: கடல் கடந்து வரும் தோழர்களே, வாருங்கள்! ஓராண்டேனும் தங்க வாருங்கள். தமிழ் கற்று வாருங்கள். எங்கள் ஆசிரியருக்குத் துணையாக நில்லுங்கள், அவர் இடத்திலே நிற்காதீர்கள். அது முடியாதெனில் ஊர் பாருங்கள், உவகையோடு திரும்புங்கள், வகுப்பறையை விட்டுவிடுங்கள்.

நம்மவருக்கும் ஒரு சொல். திருவரங்கத்து மாடவீதிகளிலே ஓய்வூதியம் பெற்று வாழும் ஆசிரியர்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு, கணக்கிலே புலிகள் உண்டு. அக்கரையிலே, திருச்சியின் குடிசைப் பகுதிகளிலே, கூட்டலுக்குக் கை விரலை எண்ணும் குழந்தைகள் உண்டு. இடையிலே இருப்பது ஒரே ஒரு பாலம். கடலைத் தாண்டி ஆள் வரும்போது, காவிரியைத் தாண்ட நம்மிலே ஆள் இல்லையா?