வில்லுக்கு ஆளா, ஆளுக்கு வில்லா?

உயரம், நிறை, கைநீளம், பிடிவலு ஆகியவற்றை அளந்து, "இவர் வில்லாளியாவார், இவர் ஆகார்" எனத் தீர்ப்பளிக்கும் போக்கொன்று விளையாட்டு விஞ்ஞானத்தின் பெயரால் நிலவுகின்றது. வில்லாளரின் உடற்சமநிலைக்கும் இவ்வளவுகளுக்குமுள்ள தொடர்பை ஆராய்வது தவறன்று. அத்தொடர்பைக் கொண்டு வாயிலை அடைப்பதே தவறு.

சமநிலையின் இன்றியமையாமையை எவரும் மறுக்கார். ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீற்றர் தொலைவிலுள்ளது. அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்ரிமீற்றர் மட்டுமே. நடுவை நோக்கிய அம்பின் திசை ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு பிறழ்ந்தாலே அது வட்டத்தின் விளிம்பை எட்டிவிடும். ஆனால் பிடிவலுவின் கதை வேறு. வில்லை இறுகப் பற்றினால், நாண் விடுபடும் கணத்தில் அது முறுகித் திரும்பும். ஆதலாற்றான் தேர்ந்தோர் கையைத் தளர்த்தி, வில் நழுவாதிருக்க விரற்பட்டி அணிகின்றனர். நாணிழுக்கும் விரல்கள் வெறுங் கொளுக்கிகளே. பாரத்தைப் பெரிதும் தாங்குவன முதுகுத் தசைகள்.

பிடிவலு மிக்கோரிடம் சமநிலையும் மிக்கிருப்பதாக ஓர் அளவீடு காட்டுகின்றது எனக் கொள்வோம். அதனால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடுமா? ஆண்டுக்கணக்கில் அம்பெய்த பயிற்சி இரண்டையுமே வளர்த்திருக்கலாமன்றோ? பயிற்சியின் விளைவைப் பிறவித் தகுதியென மயங்கி, பயிற்சியே பெறாதவரைத் திருப்பியனுப்புவது எவ்வகை விஞ்ஞானம்?

வரலாறும் இம்மயக்கத்தைப் பொய்ப்பிக்கின்றது. நியூசிலாந்தின் நெரோலி ஃபெயார்ஹால் சக்கரநாற்காலியில் அமர்ந்தவாறே 1982இல் பிறிஸ்பேன் பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்றார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார். கைகளின்றிப் பிறந்த அமெரிக்கர் மற் ஸ்ரட்ஸ்மன் வில்லைக் காலாற் பற்றி, 2012இல் இலண்டன் பராலிம்பிக்கில் வெள்ளியும் 2024இல் பாரிஸில் தங்கமும் பெற்றார். நின்று காட்டும் சமநிலைச் சோதனை முன்னவரை விலக்கியிருக்கும். பிடிவலுக் கருவி பின்னவரை விலக்கியிருக்கும்.

இவர்கள் விதிவிலக்குகள் என்பர் சிலர். விலக்குகள் தோன்றக் காரணம், எவரோ ஒருவர் அவர்களிடம் வில்லைக் கொடுத்தமையே. கொடுக்கப்படாதோரின் தொகையை எந்த அட்டவணை காட்டும்?

அளவுநாடாவை வீசியெறியுமாறு நாம் கோரவில்லை. கைநீளத்துக்கேற்ப வில்லின் உயரத்தையும் அம்பின் நீளத்தையும், வலுவுக்கேற்ப இழுவைப் பாரத்தையும் தெரிந்தெடுக்க அளவுகள் வேண்டும். ஆளுக்கேற்ற வில்லைத் தேடவே அளவை பயன்படுக. வில்லுக்கேற்ற ஆளைச் சலித்தெடுக்க அன்று.