நகரத்தின் பின்கட்டு



சென்னையைக் காண்போர் மெரினாவோடு திரும்பிவிடுகின்றனர். அது வீட்டின் முன்கட்டு. பின்கட்டையும் காண விரும்பினால், பிள்ளைகளுடன் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலில் ஏறுங்கள்.

கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் கடந்து, எண்ணூருக்கு அப்பால் வண்டி கொசத்தலை ஆற்றைக் கடக்கும்போது கிழக்கே நோக்குங்கள். அங்குள்ள புகைபோக்கிகள், 1994இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்துடையவை. மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கே சென்றால், கடலோரத்தில் காட்டுப்பள்ளி. அங்கே 2010இல் தொடங்கப்பெற்ற ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடையது. நகரத்தின் விளக்கும் குடிநீரும் பிறக்கும் இடங்களைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர்.

அக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு ஆழம் குன்றியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து, படகுகளும் வலைகளும் பாழாயின. நகரம் துய்க்கும் வசதிக்கு விலை கொடுப்போர் இவர்களே.

வீடு திரும்பியதும், ஆளில்லா அறையில் எரியும் விளக்கைச் சொல்லாமலே அணைக்கும் பிள்ளை, அப்பயணத்தின் பயனை அடைந்துவிட்டது.